செம்பனைக் குலையிலிருந்து நுண் செல்லுலோஸ் நார்: கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது

பழம் உதிர்ந்த செம்பனைக் குலைக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமே கிடையாது. மலேசியாவில் செம்பனையை முதன்முதலாக வணிகத்துக்காக நட்டது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமாரம் தோட்டத்தில். இன்று ஆலைக்குப் போகும் பழக்குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வெற்றுக் குலையாக வெளியே வருகிறது. அதில் ஒரு பகுதி தோட்டத்துக்கே திரும்பிப் போய் மரத்தடியில் மட்கும். இந்தக் குலை நாரிலிருந்து நுண் செல்லுலோஸ் நார், அதாவது நாரின் சுவரைப் பிரித்து எடுக்கும் நானோமீட்டர் அளவு மெல்லிய இழை, செய்து பார்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். பள்ளி அறிவியல் விழாவுக்கு ஒருவர், பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்கு ஒருவர், கையால் காகிதம் செய்து விற்க ஒருவர். கேள்வி மட்டும் எல்லாரிடமும் ஒன்றுதான்: "அண்ணே, அரைபடவே மாட்டேங்குது, எந்த பிளெண்டர் வாங்கலாம்?"

பிளெண்டரை விடுங்கள். அரைக்கும்போது வெளியே தெரியும் கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே உண்டானது. சமைத்ததில் இருக்கலாம், கழுவியதில் இருக்கலாம். எல்லாவற்றையும் விட, நடுவில் எங்கேயோ காயவிட்டதில் இருக்கலாம். அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் ஒரு படி பின்னால் போய்த் தேடுகிறோம்.

வழக்கமான பாதை இது. ஆலையில் கிழித்த நாரை வெந்நீரில் கழுவி, 1–2 செ.மீ. துண்டாக நறுக்குங்கள். 100 கிராம் உலர்ந்த நாருக்கு 2 லிட்டர் தண்ணீரும் 100 கிராம் காஸ்டிக் சோடாவும், அதாவது 5 சதவீதக் கரைசல். 80–90 டிகிரியில் 2 மணி நேரம். வடித்துக் கழுவி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில், பி.எச். 11 அளவில், 70 டிகிரியில் ஒரு மணி நேரம் வெளுப்பு. இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். மறுபடி கழுவி, ஈரம் மாறாமல் 1 சதவீதத்துக்கும் குறைவான அடர்த்தியில் அரைப்பு.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். அலுமினியச் சட்டியைக் காஸ்டிக் அரித்துவிடும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். வீட்டுப் பிரஷர் குக்கர் பல அலுமினியத்தில் செய்தவை, அந்தப் பக்கமே போகாதீர்கள். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.

சமைத்து முடித்தும் நார் விறைப்பாக, பழுப்பாகவே இருக்கிறது

சமைக்கும்போது மேலே என்ன மிதந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சோப்பு நுரைபோல ஒன்று கட்டி, பாத்திரத்தின் ஓரம் வழவழவென்று ஆகியிருந்தால், நாரில் எண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. ஆலையில் ஆவியில் வேகவைத்து, பழத்தை உதிர்த்து, சில இடங்களில் பிழிந்தும் எடுத்தாலும், குலையில் எண்ணெய் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். நீங்கள் போட்ட சோடாவில் ஒரு பங்கு, நாரைப் பசைபோல இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னினைத் தொடாமல் எண்ணெயைச் சோப்பாக்கவே செலவாகிவிட்டது. அடுத்த முறை பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு வெந்நீரில் அலசி, நுரை போகும் வரை கழுவிய பிறகு சமையுங்கள். அப்படியே மணலும் அடியில் இறங்கிவிடும்.

நுரை வரவில்லை என்றால் சோடாவைப் பாருங்கள். மூடி சரியாக மூடாத டப்பாவில் கிடந்த காஸ்டிக், நம் ஊர்க் காற்றில் ஈரத்தையும் கரியமில வாயுவையும் வாங்கி, மேலே வெள்ளைப் பொருக்கு கட்டிப் போயிருக்கும். அது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். எடை சரியாக இருக்கும், வேகம் இருக்காது. புது டப்பா வாங்குவதுதான் வழி.

மூன்றாவது காரணம் அடிக்கடி நடப்பது, யாரும் கவனிப்பதில்லை. நார் மிதக்கும். மேலே நிற்கும் பாதி வேகாது. ஒரு எவர்சில்வர் சல்லடையைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள்.

வெந்ததா இல்லையா என்று பார்க்க ஓர் இழையை எடுத்துக் கழுவி இரு விரலுக்கு நடுவில் உருட்டுங்கள். வெந்த இழை உருட்டும்போதே பிரிந்து, மெல்லிய நூல்களாகச் சிதறும். வேகாதது கம்பிபோல நிற்கும். சமைப்பிலேயே வெள்ளை வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது வெளுப்பின் வேலை. இங்கே தேவை பிரிந்து வருவது மட்டும்தான்.

பெராக்சைடு ஊற்றியதும் பொங்குகிறது, நிறம் மட்டும் மாறவில்லை

பொங்குவது வேலை நடக்கிறதற்கு அடையாளம் என்று பலர் மகிழ்ந்து போகிறார்கள். நேர் எதிர். பெராக்சைடு வெளுக்க நேரமில்லாமல் வெறும் ஆக்சிஜனாகவும் தண்ணீராகவும் உடைந்து போகிறது. உடைப்பது இரும்பும் மாங்கனீசும் போன்ற உலோகங்கள். ஆலை இயந்திரத்திலிருந்து, துருப்பிடித்த தகர டின்னிலிருந்து, கிணற்று நீரிலிருந்து அவை நாரில் ஒட்டி வருகின்றன. செம்பனைக் குலை நாரில் சாம்பல் சத்து, அதாவது எரித்தால் மிஞ்சும் தாதுக்கள், இயல்பாகவே கூடுதல் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

வெளுப்புக்கு முன் ஒரு அமிலக் கழுவல் கொடுங்கள். அரை சதவீத சிட்ரிக் அமிலம், வெதுவெதுப்பான நீர், அரை மணி நேரம். அப்புறம் நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சிட்ரிக் அமிலம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போகும். ஆய்வகம் கையில் இருந்தால் ஈடிடிஏ இன்னும் நன்றாகப் பிடிக்கும். பெராக்சைடு தொட்டியில் எப்சம் உப்பு ஒரு சிட்டிகை போட்டால் பெராக்சைடு இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். சூட்டை 80க்கு மேல் ஏற்ற வேண்டாம். பாத்திரத்தை இறுக மூடவும் வேண்டாம், உள்ளே சேரும் ஆக்சிஜனுக்குப் போக வழி வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெராக்சைடு வேலை செய்யவில்லை என்று வீட்டில் துணி வெளுக்கும் குளோராக்ஸை அதே பாத்திரத்தில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் சீறிப் பொங்கும். சிட்ரிக் அமிலம் மிச்சம் இருக்கும் நாரில் அது பட்டால் குளோரின் வாயு வரும். மூடிய சமையலறையில் அது ஆஸ்பத்திரி வேலை.

வெள்ளையாக இருந்தது, இரண்டு வாரத்தில் மஞ்சளாகிவிட்டது

லிக்னின் முழுதாகப் போகவில்லை, அல்லது காரத்தைச் சரியாகக் கழுவவில்லை, அல்லது வெயிலில் வைத்தீர்கள். இன்னும் ஒரு வெளுப்பு, நன்றாகக் கழுவல், நிழல். காகிதத்துக்கு என்றால் இந்த மஞ்சள் அழகாகவே இருக்கும், நான் அதைத் திருத்தமாட்டேன்.

எவ்வளவு அரைத்தாலும் கூழாகிறதே தவிர கஞ்சி பதம் வரவில்லை

இந்தக் கட்டுரை முழுவதும் உண்மையில் இந்த ஓர் அறிகுறிக்காகத்தான்.

லிக்னின் போன பிறகு நாரின் சுவர் நுண்ணிழைகள் அடுக்கடுக்காக நிற்கும் ஒரு தளர்ந்த கட்டு. அடுக்குகளுக்கு நடுவில் தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்திருப்பது. காயவைத்தால் தண்ணீர் போன இடத்தில் இழையும் இழையும் நெருங்கி ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிவிடும். மறுபடி ஊறவைத்தாலும் ஒரு பகுதி திறக்காது. பழைய காகிதத்தை மறுசுழற்சி செய்யச் செய்ய வலு குறைவதற்கும் இதுவே ஒரு பெரிய காரணம். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் ஆபே, இவாமோட்டோ, யானோ மூவரும் 2007இல் இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள். மரத்திலிருந்து லிக்னினையும் பிறவற்றையும் நீக்கி, எந்த இடத்திலும் காயவிடாமல் கல் அரைவையில் ஒரே ஒரு முறை விட்டார்கள். சுமார் 15 நானோமீட்டர் அகலத்தில் சீரான இழைகள் கிடைத்தன. காயாமல் இருந்ததுதான் அங்கே கைகொடுத்தது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சமைக்கும் முன் பச்சை நார் காய்ந்திருந்தால் பெரிய கேடு இல்லை. லிக்னின் நடுவில் நின்று இழைகளைப் பிரித்தே வைத்திருக்கும். மெத்தைக்குப் போகும் உலர்ந்த குலை நாரை வாங்கியும் தொடங்கலாம். சமைத்து வெளுத்த பிறகு காய்வதுதான் ஆபத்து. "நாங்கள் காயவைக்கவே இல்லை" என்று எல்லாரும் சொல்வார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் வரும்: வடிகட்டியில் வைத்துவிட்டு வார இறுதிக்கு ஊருக்குப் போனேன். எடை பார்க்க மொத்தத்தையும் ஓவனில் வைத்தேன். ஏர்கோன் அறையில் திறந்து கிடந்தது. கெடாமல் இருக்க ஃப்ரீசரில் போட்டேன். கடைசியும் அதே கணக்குதான். பனிக்கட்டி உண்டாகும்போது தண்ணீர் இழைகளுக்கு நடுவிலிருந்து வெளியேறி, இழைகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

எடை பார்க்க மொத்தத்தையும் காயவைக்கத் தேவையே இல்லை. கையால் நன்றாகப் பிழிந்த கூழிலிருந்து 10 கிராம் மட்டும் எடுத்து 105 டிகிரியில் எடை இனி மாறாது என்று ஆகும் வரை காயவையுங்கள். 2 கிராம் மிஞ்சினால் உங்கள் கூழில் 20 சதவீதம் நார். ஒரு லிட்டரில் 0.7 சதவீதம் வேண்டுமானால் 7 கிராம் உலர் நார், அதாவது 35 கிராம் ஈரக்கூழ். காயவைத்த அந்த 10 கிராமைக் கூழில் திருப்பிப் போடாதீர்கள்.

காய்ந்துபோன கூழ் கையில் இருந்தால் 1 சதவீதக் காஸ்டிக்கில் ஒரு ராத்திரி ஊறவைத்துக் கழுவிப் பார்க்கலாம். ஓரளவு விட்டுக்கொடுக்கும், முழுதாக மீளாது. என்னைக் கேட்டால் அதைக் காகிதம் செய்யக் கொடுத்துவிட்டுப் புதிதாகச் சமைப்பேன்.

காயவில்லை, ஆனாலும் பிரியவில்லை என்றால் இரண்டாவது சந்தேகம் அளவுக்கு மீறிய சுத்தம். சோடா கூடக் கூடச் செல்லுலோஸ் தூய்மையாகும் என்று 15, 17 சதவீதக் கரைசலில் ஊறவைக்கிறார்கள். அந்த அடர்த்தியில், செல்லுலோஸோடு சேர்ந்தே நாரில் இருக்கும் ஹெமிசெல்லுலோஸும் கரைந்து போகும், செல்லுலோஸின் படிக அமைப்பே வேறு வகைக்கு மாறவும் தொடங்கும். ஹெமிசெல்லுலோஸ் நமக்கு வேண்டாதது அல்ல. நுண்ணிழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்று அதே கியோத்தோக் குழு அடுத்த ஆண்டே காட்டியது. ஆகவே இங்கே சுத்தத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. 100 கிராம் உலர் நாரிலிருந்து 35 முதல் 45 கிராம் வரை வெளுத்த கூழ் வந்தால் ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கிறீர்கள். 60ஐத் தாண்டினால் லிக்னின் மிச்சம். 25க்குக் கீழே போனால் மீறிச் சமைத்திருக்கிறீர்கள், இல்லாவிட்டால் துணி ஓட்டை வழியே நல்ல நாரும் போய்விட்டது.

மூன்றாவது, உப்பு. கழுவல் குறைந்தால் சோடியம் உப்பு தங்கி, நார் உப்பிப் பருப்பதைத் தடுக்கும். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனா மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும், அதை வாங்கி வையுங்கள். கழுவி வடித்த தண்ணீரின் எண், குழாய் நீரின் எண்ணோடு ஒட்டி நிற்கும் வரை கழுவுங்கள். பி.எச். தாளை விட இது தெளிவாகச் சொல்லும். கடைசிக் கழுவல் மட்டும் வடிகட்டிய தண்ணீரில் இருந்தால் நல்லது.

பிளேடு சுற்றுகிறது, கலவை அசையவில்லை

அடர்த்தி கூடிவிட்டது. நுண்ணிழை பிரியப் பிரியக் கலவை கெட்டியாகும். தொடக்கத்தில் தண்ணீர்போல் இருந்த 1 சதவீதம் நடுவில் பசைபோல நிற்கும். பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக்குழி உண்டாகி, அதற்குள் பிளேடு வெறுமனே ஓடும். தண்ணீர் சேர்த்து 0.5–0.7 சதவீதத்துக்கு இறக்குங்கள். யானோவின் குழு 2011இல் அதிவேக பிளெண்டரில் மரக்கூழை நுண்ணிழையாக்கியதும் இந்த மாதிரி நீர்த்த கலவையில்தான். ஒரேயடியாக ஓட்டாமல் ஒரு நிமிடம் ஓட்டி, இரண்டு நிமிடம் விடுங்கள். ஜாடியைத் தொட்டால் கை சுட்டால் நிறுத்திவிடுங்கள். சட்னி மிக்சி இதற்கு லாயக்கில்லை, மோட்டார் புகைந்துவிடும்.

கலவை சாம்பல் நிறமாகிறது

பிளேடு தேய்கிறது. செம்பனைக் குலை நாரின் மேல் சிலிக்கா மணிகள் பதிந்திருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் முள்ளு முள்ளாக, வட்டமாகத் தெரியும். காஸ்டிக் அதில் கொஞ்சம் கரைக்கும், வெளுப்புக்கு முன் நன்றாக உலுக்கிக் கழுவினால் இன்னும் கொஞ்சம் உதிரும். மிச்சம் உங்கள் பிளேடைத் தின்னும். கல் தட்டு அரைவையில் விட்டால் இந்தப் பிரச்சினை இல்லை, விலைதான் பிரச்சினை.

ஒரு ராத்திரியில் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் படிவு

இதைக் கோளாறு என்று முடிவு கட்டும் முன் சோதனையாகவே செய்யுங்கள். கலவையை 0.1 சதவீதத்துக்கு நீர்த்து, அளவு உருளையில் ஊற்றி அசைக்காமல் விடுங்கள். பெரிய நார் அரை மணியிலேயே அடியில் இறங்கும். நன்கு பிரிந்தது மறுநாளும் மேகம்போல் நிற்கும். பிளெண்டரில் அரைத்ததில் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். மேலே நிற்பதை ஊற்றி எடுத்துக்கொண்டு, அடியில் தங்கியதை மட்டும் திரும்ப அரையுங்கள். மொத்தத்தையும் திரும்ப அரைத்தால் ஏற்கெனவே பிரிந்த இழையைத்தான் வெட்டிக் குட்டையாக்குகிறீர்கள்.

பள்ளி நுண்ணோக்கி இருந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு பாருங்கள். வெளுத்த கூழில் நார்கள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் வழவழப்பான குச்சிகளாகத் தெரியும். கொஞ்சம் அரைத்ததும் முனை உதிர்ந்து, பக்கமெல்லாம் மயிர் கிளம்பும். இன்னும் அரைத்தால் குச்சிகள் அருகி, கண்ணுக்குத் தெரிய ஒன்றும் இல்லாத புகை மூட்டமாகும். நானோ அளவு இழையை இந்தக் கருவி காட்டாது, ஆனால் பிரியாமல் மிஞ்சிய பெரிய நார் எத்தனை என்பதைக் காட்டிவிடும். கணினித் திரையை வெள்ளையாக்கி, அதன் முன் சொட்டு வைத்த கண்ணாடியைப் பிடித்து, போலராய்டு கறுப்புக் கண்ணாடி வழியே பாருங்கள். கறுப்புக் கண்ணாடியைத் திருப்பித் திரை இருட்டாகும் கோணத்தில் நிறுத்தினால் பிரியாத நார்கள் மட்டும் பளிச்சென்று ஒளிரும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் அடக்கி வையுங்கள். 1983இல் டர்பாக்கும் அவர் கூட்டாளிகளும் இந்தப் பொருளை முதலில் வெளியிட்டபோது, பாலை உயர் அழுத்தத்தில் சிதைக்கும் வகை இயந்திரத்தில் கூழைத் திரும்பத் திரும்ப விட்டுத்தான் எடுத்தார்கள். அது மின்சாரம் தின்னும் என்பது பெரிய குறையாகவே நின்றது. கண்ணாடிபோலத் தெளிந்த கலவையைப் பார்த்து ஏங்கினால், அது பெரும்பாலும் வேதிமுறையில் வந்தது. டெம்போ என்ற வினையூக்கியால் நாரின் மேல் மின்னூட்டம் ஏற்றி, 3–4 நானோமீட்டர் இழையாகப் பிரிக்கும் வழியை தோக்கியோவின் சாய்ட்டோ, இசோகாய் குழு 2006இல் காட்டியது. வீட்டு பிளெண்டர் அந்த இடத்துக்கு வராது. பால்போல வெண்மையான கலவையே உங்களுக்கு வெற்றி.

படலம் சுருள்கிறது, வெடிக்கிறது

கலவையை வடித்துக் காயவைத்துத் தாள்போலப் படலம் செய்யும்போது, ஒரு பக்கம் மட்டும் காய்வதால் சுருளும். மின்விசிறிக்கு முன்னால் வைக்கவே கூடாது. நைலான் வலையின் மேல் வடித்து, மேலே இன்னொரு வலை, அதன் மேல் துணி, அதன் மேல் பாரம் வைத்து மெதுவாகக் காயவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நாள் எடுக்கும். அதுவரை பூஞ்சை வராமல் இருக்க துணியைத் தினமும் மாற்றுங்கள். குமிழி வந்தால் ஊற்றும் முன் கலவையை ஒரு ராத்திரி வைத்துக் காற்றை வெளியேற விடுங்கள்.

கலவை புளித்து நாறுகிறது

30 டிகிரி வெப்பத்தில் வெளியே வைத்தால் அப்படித்தான். கொதிக்கவைத்த பாட்டிலில், ஃபிரிட்ஜில், 4 டிகிரியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். கறுப்புப் புள்ளி கண்டால் கொட்டிவிடுங்கள்.

பழுப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவது

சமைத்த நீர் பி.எச். 13க்கு மேல் நிற்கும், லிக்னினும் நிறைய இருக்கும். கால்வாயில் ஊற்றினால் அது போய்ச் சேருவது சிலாங்கூர் ஆற்றில். எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே அந்த ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கும் ஆலைகள் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகள், நீர் எடுக்கும் இடத்துக்கு மேலே கழிவை விடும் ஆலைகளுக்கு பி.எச். 6 முதல் 9 வரை என்று வரம்பு வைத்திருக்கின்றன. உங்கள் வாளி ஆலை இல்லைதான், ஆனாலும் அந்த எண்ணை இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த நீரையே அடுத்த குவியலின் முதல் சமைப்புக்குக் கொஞ்சம் சோடா சேர்த்துப் பயன்படுத்துங்கள், பாதிச் செலவு மிச்சம். இனி உதவாது என்றான பிறகு, ஆறவைத்து, வெளியே காற்றோட்டத்தில், சிட்ரிக் அமிலத்தை மெல்ல மெல்லச் சேருங்கள். நுரைக்கும், அவசரப்பட வேண்டாம். அமிலப் பக்கம் போகப் போக லிக்னின் பழுப்புச் சேறாகப் பிரியும். ஒரு நாள் விட்டுத் துணியில் வடித்து, சேற்றைக் காயவைத்து எடுங்கள். வடிந்த நீரைச் சோடாவால் மீண்டும் 7க்குக் கொண்டுவந்து, பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ செய்கிறவர்கள் ஆய்வகக் கழிவுக் கலத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டில் செய்கிறவர்கள் ஒரு முறைக்கு 100 கிராம் நாருக்கு மேல் போகாமல் இருந்தால் இந்த வேலை ஒரு வாளிக்குள் அடங்கும்.